பிரெஞ்சு படிக்கப் பிரான்ஸ் போகிறீர்களா? முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

“பாரிஸ்ல பிரெஞ்சு கத்துக்க நல்ல ஸ்கூல் எதுங்க?” என்று அடிக்கடி யாராவது எழுதிக் கேட்கிறார்கள். கனடாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள், பிரான்சில் முதுகலை படிக்க நினைப்பவர்கள், திருமணமாகி அங்கே போகவிருப்பவர்கள், புதுச்சேரியில் தாத்தா பேசிய மொழியைத் தானும் பேசிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்று பலவகை. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பதிவு நீளமாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கில் பணம் போடுகிற காரியம், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியைத் தேடுவதற்கு முன்னால் ஊரைத் தேடுங்கள். ஊரைத் தேடும்போதே தங்கப்போகும் வீட்டையும் யோசியுங்கள். பள்ளி அதற்குப் பிறகுதான். பிரான்சின் மொழிப்பள்ளிகளில் வழக்கமான வகுப்பு வாரத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேரம். வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போனால் விழித்திருப்பது 112. வகுப்பு நேரத்தைக் கழித்தால் 92 மணி நேரம் வெளியே இருக்கிறீர்கள். அந்த 92 மணி நேரம் யாரோடு, எந்த மொழியில் போகிறது என்பதற்காகத்தான் இவ்வளவு செலவு செய்து விமானம் ஏறுகிறோம். இலக்கணமும் சொல்வளமும் மட்டும் போதுமென்றால் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருக்கும் அலியான்ஸ் ஃபிரான்சேஸில், இதில் ஒரு சிறு பங்குச் செலவில், நன்றாகவே சொல்லித்தருகிறார்கள்.

அடுத்த கேள்வி, எப்போது போவது? இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. ஆனால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஐரோப்பிய அளவுகோல்படி ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஏ1-க்கு 60 முதல் 100 மணி நேர வகுப்பு, ஏ2-க்கு 160 முதல் 200, பி1-க்கு 360 முதல் 400, பி2-க்கு 560 முதல் 650 என்பது அலியான்ஸ் ஃபிரான்சேஸ் தருகிற தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனாலும் திட்டமிட இது ஒரு நல்ல அளவு. “ஒன்றுமே தெரியாமல் போங்கள், மூன்று மாதத்தில் பி2 வாங்கித் திரும்பலாம்” என்று சொல்கிற முகவர்கள் இருக்கிறார்கள். 12 வாரம், வாரம் 20 மணி நேரம் என்றால் மொத்தம் 240 மணி நேரம். இதே கணக்குப்படி அது ஏ2-வைத் தாண்டி பி1-க்குள் காலெடுத்து வைக்கிற தூரம்தான். பி2 அதற்கு வெகுதொலைவில் இருக்கிறது.

ஒன்றும் தெரியாமல் போனால் முதல் ஒரு மாதம் வணக்கம், பெயர், எண்கள், கிழமைகள் என்று போய்விடும். இதற்கு ஐரோப்பாவில் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. கடையில் போய் இரண்டு சொல் திணறிப் பேசினால் கடைக்காரர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். பேருந்தில் காதில் விழுவதெல்லாம் வெறும் இரைச்சலாக இருக்கும். ஏ2 முடித்து, பி1-இல் கொஞ்சம் ஊறிய பிறகு போகிறவருக்கு அதே ஊர் வேறு ஊர். பேருந்தில் இரண்டு பாட்டிகள் மருத்துவரைப் பற்றிப் பேசிக்கொள்வதில் பாதி புரியும். மீதியை ஊகிக்க மனம் துடிக்கும். ரொட்டிக் கடையில் முன்னால் நிற்பவர் எப்படிக் கேட்கிறார் என்று கவனித்து அப்படியே தானும் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பதன் முழுப் பயனும் இந்த நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. பி1-இலிருந்து பி2-க்கு 200 முதல் 250 மணி நேரம், அதாவது பத்துப் பன்னிரண்டு வாரம். மூன்று மாதத்தில் உண்மையாகவே முடிகிற வேலை அது. ஆகவே ஏ2 வரையாவது ஊரிலேயே படித்து முடியுங்கள், முடிந்தால் பி1-இன் பாதி வரை.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதில் தேர்வுகளின் பெயர் தெரியாமல் ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டெல்ஃப், டால்ஃப் இரண்டும் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வழங்கும் சான்றிதழ்கள். 1985-இலிருந்து நடக்கின்றன. ஒருமுறை வாங்கினால் காலாவதி கிடையாது. பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு வழியில் சேரப் பொதுவாக பி2 கேட்கிறார்கள், அதற்கு டெல்ஃப் பி2 போதும். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வாங்கவேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. ஆனால் கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு டெல்ஃப் செல்லாது. அங்கே டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எழுதவேண்டும், அவற்றின் ஆயுள் 2 ஆண்டுதான். 2023-இலிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே கனடா தனிச் சுற்றுகளில் அழைப்பு விடுப்பதால் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பிரான்சில் மாதக்கணக்கில் தங்கி, டெல்ஃப் பி2-வில் நல்ல மதிப்பெண் எடுத்துத் திரும்பிய பிறகுதான் அது அவருடைய விண்ணப்பத்துக்கு உதவாது என்று அறிந்தார். அவர் கற்ற பிரெஞ்சு எங்கும் போய்விடவில்லை. ஆனால் வேறு வடிவத் தேர்வுக்கு மறுபடி பணம் கட்டி, மறுபடி பயிற்சி எடுக்கவேண்டி வந்தது. பிரான்சிலேயே குடியேறி வாழ்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2026 ஜனவரி முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர்களிடம் பி2 எதிர்பார்க்கப்படுகிறது. முன்பு பி1 போதுமானதாக இருந்தது.

இனி ஊருக்கு வருவோம். பாரிஸ் வேண்டாம் என்று நான் சொல்லும்போது பலருக்கு முகம் வாடிவிடுகிறது. பாரிஸில் நல்ல பள்ளிகள் இல்லாமல் இல்லை. அலியான்ஸ் ஃபிரான்சேஸ் 1883-இல் தொடங்கியதே அங்கேதான், ராஸ்பாய் பெருஞ்சாலையில் அதன் பள்ளி இருக்கிறது. சோர்போன் நாகரிக வகுப்புகள் 1919-இலிருந்து நடக்கின்றன. இலக்கியமும் ஓவியமும் நாடகமும் உங்கள் உயிர் என்றால், பி2 தாண்டியவர் என்றால், பாரிஸுக்குப் போங்கள், நான் தடுக்கமாட்டேன். மற்றவர்களுக்கு அங்கே மூன்று தொல்லைகள். வாடகை. எங்கே திரும்பினாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற அவசரமான நகரம். மூன்றாவது, நம்முடைய சொந்த மக்கள்.

இதை வருத்தப்படாமல் கேளுங்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி லா ஷப்பேல் பக்கம் நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், கறிவேப்பிலை, முருங்கைக்காய், தமிழ்ப் புத்தகக் கடை, முடிதிருத்தகம், நகைக்கடை என்று ஒரு முழுக் கடைத்தெரு. கோடை முடிகிற நேரத்தில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும்போது தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். எண்பதுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஈழத்தமிழர்கள், பாத்திரம் கழுவி, சமையலறைகளில் நின்று, பிள்ளைகளைப் படிக்கவைத்து எழுப்பிய இடம் அது. எனக்கு அந்தத் தெருமேல் பெரிய மரியாதை. ஆனால் பிரெஞ்சு கற்க வந்தவர் அதன் அருகில் குடியிருக்கக்கூடாது.

பாரிஸில் உறவினர் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் கடினம். யாழ்ப்பாணத்திலிருந்து போகத் தயாரான ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தார். லா கூர்நவில் இருக்கும் அவருடைய சித்தி தொலைபேசியில் சொன்னாராம்: “நாங்கள் இஞ்ச இருக்கேக்க நீ ஏன் பிள்ளை வெள்ளைக்காரர் வீட்டில காசு குடுத்து இருக்கப்போறாய்? ஊரில என்ன கதைப்பினம்?” அந்த அன்பை மறுக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. ஆனால் சித்தி வீட்டில் காலைச் சாப்பாடு தமிழில், மாலை தொலைக்காட்சி தமிழில், ஞாயிறு விருந்து தமிழில். வகுப்பு முடிந்து வீடு திரும்புகிற ரயிலோடு அன்றைய பிரெஞ்சு முடிந்துவிடும். அவருக்கு நான் எழுதியது இதுதான்: சித்தியிடம் நேரடியாகப் பேசுங்கள், மூன்று மாதம் மட்டும் வெளியூரில் இருக்க அனுமதி கேளுங்கள், விடுமுறை நாள்களில் கட்டாயம் வருவேன் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தபடி போங்கள். படிப்பு என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் இறங்கி வருவார்கள்.

வெளியூர் என்றால் எது? நான் ஒரு குளிர்காலம் படித்தது பெசான்சோனில். அதனால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சுவிட்சர்லாந்து எல்லைக்குச் சற்றுத் தள்ளி, கிழக்குப் பிரான்சில், ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் வாழும் ஊர். தூ என்ற ஆறு பழைய நகரத்தைக் கிட்டத்தட்ட முழுச் சுற்றாக வளைத்துக்கொண்டு ஓடும். வளையம் மூடாமல் விட்ட இடத்தில் பாறை, பாறைமேல் 17-ஆம் நூற்றாண்டில் படைப் பொறியாளர் வோபான் கட்டிய கோட்டை. எழுத்தாளர் விக்டர் யூகோ 1802-இல் பிறந்த வீடு இந்த ஊரில் இருக்கிறது. திரைப்பட முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களும் இங்கே பிறந்தவர்கள்தான். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல் மையம் 1958-இலிருந்து வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறது. சுற்றுலாக் கூட்டம் குறைவு, கடைகளில் ஆங்கிலம் குறைவு. பிழையாகப் பேசினாலும் நின்று கேட்கிற பொறுமை உள்ளவர்கள். பனிக்காலக் குளிர் கடுமையானது, அதை மறைக்க விரும்பவில்லை.

நான் தங்கியது கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாவின் வீட்டில். பெசான்சோன் கடிகாரங்களின் ஊர். 1973-இல் லிப் என்ற கடிகார நிறுவனத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தொழிலாளர்களே ஆலையைக் கையில் எடுத்து, கடிகாரம் செய்து, தாங்களே விற்று, தங்களுக்குத் தாங்களே சம்பளம் கொடுத்துக்கொண்டார்கள். பிரான்சே திரும்பிப் பார்த்த போராட்டம் அது. அந்த அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கோந்தே பாலாடைக்கட்டியை வெட்டி வைத்துக்கொண்டு அந்த நாள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. பிரெஞ்சுப் பேச்சில் அதிகம் வரும் இறந்தகாலம் இரண்டு வகை. நடந்துகொண்டிருந்த நிலைக்கு ஒன்று, நடந்து முடிந்த செயலுக்கு ஒன்று. புத்தகத்தில் எத்தனை பயிற்சி செய்தாலும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருந்த அந்த வேறுபாடு அவர் கதை சொல்லக் கேட்டபோதுதான் காதில் படிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, நாங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தோம், அப்போது போலீஸ் வந்தது என்று அவர் சொல்லும்போது எது எங்கே மாறுகிறது என்பது தானாகவே கேட்டது. மறுநாள் வகுப்பில் ஆசிரியை அதே இலக்கணத்தை விளக்கியபோது எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருந்தது. வீடும் பள்ளியும் இப்படிச் சேர்ந்து வேலை செய்தால் முன்னேற்றம் வேகமாக இருக்கும்.

ஆகவே வாய்ப்பிருந்தால் குடும்பத்தோடு தங்குங்கள். ‘ஃபமீய் தக்கேய்’ என்று கேட்டால் பள்ளியே ஏற்பாடு செய்துதரும். அறை, காலை உணவு, இரவு உணவு சேர்த்துச் சிறு ஊர்களில் நாளுக்கு ஏறத்தாழ 30 யூரோவிலிருந்து 40 யூரோ வரை ஆகும். தனியறை எடுப்பதைவிட இது கூடுதலாகத் தெரியலாம். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவதும் அந்தக் கட்டணத்துக்குள் அடங்கும். விண்ணப்பிக்கும்போதே சிலவற்றைத் தெளிவாக எழுதிவிடுங்கள். அதே வீட்டில் வேறு மாணவர்கள் இருப்பார்களா, இருந்தால் உங்கள் மொழி பேசுகிறவர்களா என்று கேளுங்கள். மூன்று நான்கு மாணவர்களை வைத்து விடுதிபோல நடத்தும் வீடுகளும் உண்டு, அங்கே மேசையில் ஆங்கிலம்தான் ஓடும். சைவமாக இருந்தால் சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள். இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு இவற்றில் எதெல்லாம் சாப்பிடமாட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கே நிறையப் பேர். அரிசிச் சோறு தினமும் கிடைக்காது. சமையலறையை வாரம் ஒருநாள் பயன்படுத்தலாமா என்று கேட்டு, ஒருநாள் நீங்களே சாம்பார் வைத்துக் கொடுங்கள். அன்றைக்குப் பேச்சு நீளும்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுப் பிரான்சில் விஷி. 1964-இல் தொடங்கிய கவிலாம் என்ற மையம் அங்கே இருக்கிறது, இப்போது அலியான்ஸ் ஃபிரான்சேஸ் பெயரையும் தாங்கியிருக்கிறது. ஊரில் சுமார் 25 ஆயிரம் பேர்தான். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன அமைதியான இடம். வகுப்பு முடிந்து ஆற்றங்கரையில் நடந்தால் ஊரே முகம் தெரிந்ததாகிவிடும். இளைஞர்களுக்குச் சலிக்கலாம். படிக்கவேண்டும் என்று வந்தவருக்கு அந்தச் சலிப்பு நல்லது. மோன்பெல்லியே மாணவர்களால் நிறைந்த தென்னக நகரம். வெயிலும் உண்டு, டிராமும் உண்டு, பல்கலைக்கழக மையமும் தனியார் பள்ளிகளும் உண்டு. கிரெனோபிள் மலைகளுக்கு நடுவே. அறிவியல் ஆய்வு மாணவர்கள் பலர் அங்கே போவதால் முன்கூட்டியே போய்ப் பல்கலைக்கழக மையத்தில் பிரெஞ்சு படிப்பது அவர்களுக்குப் பொருந்தும். நீஸ் அழகான ஊர், ஆனால் கோடையில் பிரெஞ்சு தேடி அலையவேண்டும். அதற்குப் பக்கத்தில் வில்ஃப்ரான்ஷில் காலையிலிருந்து மாலை வரை பிரெஞ்சு தவிர வேறெதுவும் பேசவிடாத, பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு பள்ளி இருக்கிறது. அதன் கட்டணம் அலுவலகமே அனுப்பிவைக்கிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

“தூர் நகரத்துப் பிரெஞ்சுதான் சுத்தமாம், அங்கேதான் படிக்கணுமாம்” என்பது பழைய நம்பிக்கை. உச்சரிப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம். எந்த ஊரானாலும் ஆசிரியர்கள் பேசுவது வானொலியில் கேட்கிற பொதுப் பிரெஞ்சுதான். தெற்கே தெருவில் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். அதைக் கேட்டுப் பழகிய காது வலுவாகும். ஆனால் கியூபெக்கில் வாழப்போகிறவர் என்றால் நேரே அங்கேயே படிப்பதை யோசியுங்கள். மான்ட்ரியாலில் ஆங்கிலம் அதிகம். சகனே பகுதியில் ஷிகூதிமி என்ற ஊரில் பல்கலைக்கழகமே பிரெஞ்சுப் பள்ளி நடத்துகிறது, ஊரில் ஆங்கிலம் பேசுகிறவரைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

ஊரை முடிவுசெய்த பிறகு பள்ளி. பிரான்சில் இதற்கு ஒரு நல்ல உதவி இருக்கிறது. ‘கலிதே எஃப்.எல்.இ.’ என்ற அரசுத் தரமுத்திரை. 2007-இல் உருவாக்கினார்கள். உயர்கல்வி, பண்பாடு, வெளியுறவு ஆகிய மூன்று அமைச்சகங்கள் சேர்ந்து வழங்குகின்றன. தணிக்கையாளர்கள் பள்ளிக்கே நேரில் போய், வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்து, மாணவர்களிடம் பேசி மதிப்பிடுகிறார்கள். கற்பித்தல், ஆசிரியர்கள், வரவேற்பும் உதவியும், கட்டட வசதி, நிர்வாகம் என்று ஐந்து பிரிவுகளில் தனித்தனியாக நட்சத்திரம் தருகிறார்கள். முத்திரை நான்கு ஆண்டுக்குச் செல்லும். பிரான்ஸ் எடுகாசியோன் இன்டர்நாசியோனால் என்ற அரசு அமைப்பின் தளத்தில் முத்திரை பெற்ற பள்ளிகளின் பட்டியல் முழுவதும் இருக்கிறது. ஏறத்தாழ நூறு பெயர்கள் இருப்பதால் நாம் தேட வேறு இடம் வேண்டியதில்லை. கட்டடத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்பதை விட்டுவிடுங்கள். கற்பித்தலும் ஆசிரியர்களும் என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். முத்திரை இல்லாத பள்ளிக்கு, வேறு எவ்வளவு அழகான படங்கள் காட்டினாலும், ஊரிலிருந்து பணம் அனுப்பாதீர்கள்.

பல்கலைக்கழக மையமா, தனியார் பள்ளியா என்பது உங்கள் காலத்தைப் பொறுத்தது. பல்கலைக்கழக மையங்கள் பெரும்பாலும் பருவக் கணக்கில், செப்டம்பரிலும் ஜனவரியிலும் தொடங்கும். ஒரே குழு மாதக்கணக்கில் சேர்ந்து படிக்கும், கடைசியில் பல்கலைக்கழகச் சான்றிதழ் உண்டு. மாணவர் அட்டையும் மாணவர் உணவகமும் கிடைக்கும். மணி நேரக் கணக்குப் பார்த்தால் கட்டணமும் குறைவு. தனியார் பள்ளிகளில் எந்தத் திங்கட்கிழமையும் சேரலாம். ஒரு மாத விடுப்பில் வருகிறவருக்கு அதுதான் வழி. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதியவர் வருவார், பழையவர் போவார். வகுப்பு மறுபடியும் அறிமுகத்திலிருந்து தொடங்கும். மூன்று மாதம் தங்குகிறவருக்கு இது களைப்பைத் தரும். எட்டு வாரத்துக்கு மேல் என்றால் பல்கலைக்கழக மையம் என்பது என் முடிவு.

இரண்டு மூன்று பள்ளிகளைத் தேர்ந்தெடுத்த பிறகு அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பிரெஞ்சிலேயே எழுதுங்கள், பிழை இருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் எப்படிப் பதில் எழுதுகிறார்கள் என்பதே பாதிச் செய்தி. முதலில், ஒரு ‘பாடம்’ என்பது 60 நிமிடமா 45 நிமிடமா என்று கேளுங்கள். 20 பாடம் என்று விளம்பரத்தில் இருக்கும், 45 நிமிடமானால் அது 15 மணி நேரம்தான், மூன்று மாதத்தில் 60 மணி நேரம் குறைந்துபோகும். வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர் என்றும், நீங்கள் வரும் மாதத்தில் வழக்கமாக எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் இரண்டையும் கேளுங்கள். உங்கள் நிலையில் போதிய ஆள் சேராவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் வகுப்பு நேரத்தைக் குறைத்துவிடுவார்கள், அது விதிகளில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த மாதத்தில் எந்தெந்த நாட்டவர் அதிகம் என்று கேட்பதில் தப்பில்லை. வகுப்பில் பாதிப்பேர் ஒரே நாட்டவரானால் இடைவேளையில் அவர்கள் மொழிதான் ஓடும். பதிவுக் கட்டணம், புத்தகம், குடும்பம் ஏற்பாடு செய்து தரும் கட்டணம் ஆகியவை உள்ளடக்கமா தனியா என்பதையும், அந்தப் பள்ளியே தேர்வு மையமா, நீங்கள் இருக்கும் காலத்தில் தேர்வு நாள் வருகிறதா என்பதையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிலைத் தேர்வில் தவறான வகுப்பில் போட்டுவிட்டால் முதல் வாரத்திலேயே மாறமுடியுமா என்பதும் முக்கியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நம் நாட்டவர் கேட்கவேண்டிய கேள்வி, விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வருமா, எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பது. விசாவே தேவைப்படாத நாட்டு மாணவர்களுக்கு இது கவலையில்லை, நமக்கு இதுதான் முதல் கவலை. நல்ல பள்ளிகள் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் பதிவுக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகின்றன. எழுத்தில் உறுதி தராத பள்ளியை விட்டுவிடுங்கள். 90 நாளுக்குள் என்றால் குறுகியகால ஷெங்கன் விசா. அதற்கு மேல் என்றால் நீண்டகால மாணவர் விசா, இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கேம்பஸ் பிரான்ஸ் என்ற அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கவேண்டும், நேர்காணல் உண்டு. “ஏன் பிரெஞ்சு, ஏன் இந்த ஊர், படித்துவிட்டு என்ன செய்வீர்கள்” என்று கேட்பார்கள். ஊரிலேயே ஏ2 முடித்துச் சான்றிதழோடு போகிறவரின் பதிலுக்கு எடை கூடும். நீண்டகால விசாவில் போனால் இறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிசெய்யவேண்டும், மறந்துவிடக்கூடாது. அந்த விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பிப் போகாதீர்கள், மொழி தெரியாத முதல் மாதங்களில் வேலை கிடைப்பது அரிது.

பருவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். பள்ளிகளில் விடுமுறைக்கு வந்த பதின்வயதினர் நிறைந்திருப்பார்கள், கட்டணம் கூடும், ஆகஸ்டில் பாதிக் கடைகள் கதவை மூடிவிட்டு ஊரார் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். பல்கலைக்கழக மையமானால் பருவம் தொடங்கும்போது போங்கள், தனியார் பள்ளியானால் அக்டோபர், நவம்பர், அல்லது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போங்கள். வகுப்பு சிறியதாக இருக்கும், ஊர் அதன் வழக்கமான வாழ்க்கையில் இருக்கும்.

செலவை மறைக்காமல் சொல்லவேண்டும். சிறு ஊரில் 12 வாரத்துக்குக் கட்டணம் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 யூரோ, குடும்பத்தோடு தங்க இன்னொரு 3,000 யூரோ. விமானம், விசா, காப்பீடு, மதியச் சாப்பாடு தனி. ஆறேழு லட்சம் ரூபாய் இல்லாமல் கிளம்பமுடியாது. இதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள், அம்மாவின் நகையை விற்காதீர்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது எந்த மொழியும் மனதில் தங்காது. கையில் பணம் சேரும்வரை ஊரில் இருந்தபடியே பி1 வரை தாராளமாகப் போகலாம். ஆர்எஃப்ஐ வானொலியில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி வருகிறது. டிவி5மோந்த் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை காணொளியோடு பயிற்சிகள் இருக்கின்றன. அந்தப் பயிற்சிகளை உருவாக்குவதில் விஷியின் கவிலாமுக்கும் பங்கு உண்டு, அதாவது அங்கே போய்ப் படிக்க நினைப்பவர் இங்கிருந்தே அவர்கள் கற்பிக்கும் முறையைச் சுவைத்துப் பார்க்கலாம். வானொலி, தளம் இரண்டும் இலவசம். பள்ளிகளுக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்காமல் இன்று இரவே தொடங்குங்கள்.